கைப்பட்டை எண்ணாத நடை

"அறுநூத்தி நாப்பது."

மகன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான். அவன் முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு பத்து. முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பியவளை அவன் குரல் மறுபடியும் நிறுத்தியது.

"ஆறு மணிக்குப் போன. இப்ப ஏழு பத்து. இவ்ளோ நேரத்துல அறுநூத்தி நாப்பது அடி. தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பினாலே அவ்வளவு ஆயிடும். மீதி நேரம் எங்கம்மா உக்காந்திருந்த?"

"நான் எங்கடா உக்காந்தேன்..."

"அப்போ இது பொய் சொல்லுதா?"

மேசையின் மறுபக்கத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் வாயைத் திறந்தார். "கருவி எதுக்குப் பொய் சொல்லணும்? அதுக்கு உங்கம்மா மேல என்ன பகையா?"

மூன்று வாரங்களுக்கு முன் மருத்துவர் அவளுடைய இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சர்க்கரை ஏறியிருந்தது. தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஊசிதான் என்றார். அன்று மாலையே மருமகள் அடி எண்ணும் கைப்பட்டைகள் இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று மாமனாருக்கு, ஒன்று மாமியாருக்கு. கணக்கு மகனுடைய கைபேசிக்கு வந்துவிடும். அன்றிலிருந்து, பள்ளிக்கூட மதிப்பெண் தாளைப் பார்க்கிற மாதிரி, காலையில் அவன் இருவருடைய கணக்கையும் பார்த்தான். அப்பா பூங்காவிலிருந்து திரும்பும்போது ஒன்பதாயிரம். அம்மா ஒரு நாளும் எழுநூறைத் தாண்டவில்லை.

"கூட வேலை பாக்கறவனோட அம்மாவுக்குப் போன மாசம் கால் விரலை எடுத்துட்டாங்க. சர்க்கரைதான்," என்றான் மகன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "உனக்கு அது புரியவே மாட்டேங்குது. யார் வீட்டுத் திண்ணையில உக்காந்து கதை பேசிட்டு வர்றன்னு தெரியல. திங்கக்கிழமை டிரெட்மில் வருது. தையல் மிஷினை எடுத்துட்டு அந்த எடத்துல போட்டுடலாம். அதுக்கப்புறம் காலையில வெளிய போக வேணாம். என் கண்ணு முன்னாடி நட."

அவளுக்குத் தையல் இயந்திரத்தை எடுப்பதில்கூட அவ்வளவு வருத்தம் இல்லை. 'வெளிய போக வேணாம்' என்ற வார்த்தைக்குத்தான் பயந்தாள்.

"நடக்கறேன்டா. சத்தியமா நடக்கறேன்," என்றாள்.

கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "முப்பத்தஞ்சு வருஷம் ஆயிரம் பேரோட வருகையைப் பாத்தவன் நான். ஆளாளுக்கு ஆயிரம் சொல்லுவாங்க. அட்டையில விழாதவன் வேலைக்கு வராதவன். அவ்வளவுதான்."

அவர் தொழிற்சாலையில் டைம்கீப்பராக இருந்தவர். காலையில் தொழிலாளர்கள் தங்கள் அட்டையைக் கடிகாரத்துக்குள் செருகி நேரம் குத்திக்கொண்டு போவதைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்த அவளுக்குத் தையலம்மா என்று பெயர்.

அட்டையில விழாதவன்... அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து அவள் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. பாலை அடுப்பில் வைக்கப் போனாள்.

அவள் போகிற இடம் மூன்று தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. அங்கே அவளுடைய ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி, கட்டிலில் உட்கார்ந்து இவளுக்காகக் காத்திருப்பாள். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. கூட இருக்கும் ஒரே மகள் மருத்துவமனையில் தாதி. விடிகாலையில் கிளம்பினால் மாலைதான் திரும்புவாள். முதல் முறை ஒளிந்து போய்ப் பார்த்த அன்று, இவள் கொடுத்த தண்ணீரை ஓரகத்தி வாங்கவில்லை.

"வேணாம்டி. குடிச்சா எந்திரிக்கணும். எந்திரிக்க ஆள் வேணும். சாயங்காலம் வரைக்கும் நான் தண்ணி குடிக்கறதில்ல."

அதைக் கேட்டுவிட்டு வந்த நாள் முழுக்க அவளுக்கும் தண்ணீர் இறங்கவில்லை.

இயன்முறைச் சிகிச்சை கொடுக்க வந்த பெண், கால்வாய் ஓரத்து இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தினமும் நின்று பழகச் சொல்லியிருந்தாள். யார் அழைத்துப் போவது? அந்தச் சமயத்தில்தான் மருத்துவர் இவளை நடக்கச் சொன்னார். அவளுக்கு அது கடவுளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. காலையில் வெளியே போக முதல்முறையாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வழியாகப் போய், ஒரு ஏற்றம் ஏறி, கால்வாய்க் கரையை அடைய இருபது நிமிடம். கைப்பிடியில் ஒன்றரை அடிக்கு ஒரு குத்துக்கம்பி. முதல் நாள் ஓரகத்தி மூன்று எண்ணும்வரைதான் நின்றாள். இப்போது பதினோரு கம்பி நடக்கிறாள். தையல் டேப்பைக் கொண்டுபோய் அவள் வீட்டுக்குள் அளந்து பார்த்தாயிற்று. கட்டிலிலிருந்து கழிவறைக் கதவுவரை சரியாகப் பதினாலு கம்பி தூரம். இன்னும் மூன்று.

சனிக்கிழமை காலை ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் வர முடியுமான்னு தெரியலக்கா."

"ஏன், தூங்கும்போதும் மணி பாக்கறவருக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"தெரியல. நான் நடக்கலன்னு சொல்றாங்க. கையில கட்டியிருக்கறது அப்படித்தான் காட்டுது." நாற்காலியை ஒரு கணம் நிறுத்தித் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "எனக்கே சந்தேகமா இருக்குக்கா. இவ்வளவு தூரம் வர்றேனே, இது நடை இல்லையா? ஒருவேளை நான் நடக்கற மாதிரி நினைச்சுக்கறேனோ..."

"ஆமாடி, நான் காத்துல மிதந்து வர்றேன். என் எடை உனக்குத் தெரியாதா?" ஓரகத்தி சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "எங்க போறன்னு மட்டும் சொல்லிடாத. எனக்காக உன் வீட்டுல ஒரு சத்தம் வரக் கூடாது. மூணு கம்பிதானே, நானே பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

அந்தப் பகை அவர்களுடையது அல்ல. மூத்தவர், அதாவது ஓரகத்தியின் கணவர், தம்பி டைம்கீப்பராக இருந்த அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒருநாள் காலை வாசலுக்குப் பக்கத்தில் வண்டி மோதி விழுந்த ஒருவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மதியம் பின்வாசல் வழியாக உள்ளே வந்து இருட்டும்வரை வேலை பார்த்தார். அட்டை குத்தவில்லை. அதற்கு முன் இரண்டு முறை காய்ச்சலில் சொல்லாமல் நின்றிருந்தார், இது மூன்றாவது. வரவேண்டிய ஃபோர்மேன் பதவி போயிற்று.

"மதியம் நீயும் நானும் சேந்துதானேடா டீ குடிச்சோம்?" என்று அண்ணன் தம்பி வீட்டுக் கூடத்தில் நின்று கேட்டார். "அட்டையில விழலையேண்ணா," என்றார் தம்பி.

அண்ணன் அடுத்த மாதமே வேலையை விட்டார். ஆறு வருடத்துக்கு முன் இறந்தும் போனார். துக்கத்துக்குப் போன தம்பியை ஓரகத்தி வாசலிலேயே நிறுத்தினாள். "அட்டையில விழாதவர் செத்துட்டார். நீங்க எதுக்கு வந்தீங்க?" அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. 'அந்தப் படி ஏறினவங்க இந்தப் படி ஏறக் கூடாது' என்று இவர் சொல்லிவிட்டார். இவளுடைய மகனை இரண்டு வயதுவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அந்த ஓரகத்தி. இவள் நாளெல்லாம் சீருடை தைக்க முடிந்தது அதனால்தான். அந்தத் தையல் இயந்திரமே அவள் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமியாரின் பக்கத்தில் கைபேசியோடு வந்து நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. காலையில நெஞ்சு படபடன்னு வருதா?"

"இல்லையேம்மா."

"இன்னிக்கு ஆறே காலுக்கு உங்க நாடி நூத்திப் பதினஞ்சு. அந்த நேரத்துல அடி ஒண்ணுகூட இல்ல. இருபது நாளும் பாத்துட்டேன், அப்படியேதான் இருக்கு. சும்மா உக்காந்திருக்கறவங்களுக்கு நாடி இவ்வளவு ஓடக் கூடாது அத்தை. இது சோம்பேறித்தனம் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அவள் கையில் இருந்த தட்டையே மறுபடி மறுபடி கழுவினாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. 'ஒரு சத்தம் வரக் கூடாது' என்ற குரல் தடுத்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றாள்.

கதவோரம் கணவர் நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்க வந்தவர் வெறும் குவளையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். அன்று மாலை அவள் மாடியில் துணி எடுக்கக் கிளம்பியபோது, "நான் எடுத்துட்டு வர்றேன்," என்று முன்னால் ஏறினார். நாற்பத்து மூன்று வருடத்தில் அவர் துணி எடுத்தது அன்றுதான். காயாததையும் சேர்த்தே எடுத்து வந்தார்.

திங்கட்கிழமை. டிரெட்மில் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அவள் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினாள். கடைசி நாள். அந்த மூன்று கம்பியை இன்று எப்படியாவது... என்று எண்ணிக்கொண்டே நடந்தாள்.

பூங்காவைத் தாண்டும்போது வழக்கம்போல் உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். ஓய்வு பெற்ற ஆண்கள் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவள் வயதுப் பெண்கள் இரண்டு பேர்தான். இந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடுப்படியில், பேரப்பிள்ளையின் பள்ளிப்பையோடு, படுத்துக் கிடக்கும் யாரோ ஒருவரின் கட்டிலோரம். தனியாகிப்போனவர்கள், கூட வர ஆள் இல்லையே, விழுந்தால் யார் தூக்குவது என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். நடக்கச் சொல்கிற மருத்துவர், யாரோடு நடப்பீர்கள் என்று கேட்பதில்லை.

ஓரகத்தியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி, போர்வையைச் சுற்றிவிட்டுத் தள்ளத் தொடங்கினாள். ஏற்றத்தின் பாதியில் அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்தது. நாற்காலி பின்னால் நழுவாமல் உடம்பைச் சாய்த்து முட்டுக்கொடுத்தாள்.

திடீரென்று நாற்காலி எடையே இல்லாததுபோல் முன்னால் போயிற்று.

அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருந்தது. மணிக்கட்டில் அதே கைப்பட்டை. திரும்பினாள். கணவர். முகமெல்லாம் வியர்த்து, வாய் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவள் வழியில் மயங்கி விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் வீட்டிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார். அவள் பேச வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த ஓரகத்திக்கு ஒன்றும் தெரியாது. "என்னடி இன்னிக்கு வண்டி பறக்குது? கடைசி நாள்னு என்னைக் கால்வாயில கொண்டுபோய்த் தள்ளப் போறியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

கைப்பிடியை ஒட்டி நாற்காலியை நிறுத்தினாள். கணவர் நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டார். ஓரகத்தி வலது கையால் இரும்பைப் பற்றி, பல்லைக் கடித்து எழுந்தாள். இடது கால் தரையை உரசிக்கொண்டு வந்தது. "ஒண்ணு..." என்று எண்ணினாள் இவள். "ரெண்டு..." எட்டாவது கம்பியில் ஒரு தள்ளாட்டம். பத்தில் நின்று மூச்சு விட்டாள். பதினொன்றில் போதும் என்று தலையை ஆட்டினாள். இன்னும் ஒரு கம்பி, இன்னும் ஒன்று என்று இவள் கெஞ்சினாள்.

"பன்னெண்டு," என்றது ஓர் ஆண் குரல்.

ஓரகத்தி திரும்பிப் பார்த்தாள். முகம் இறுகியது. கம்பியைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை.

"பாத்தாச்சா?" என்றாள். "இதுவும் உங்க கடிகாரத்துல விழாத நடைதான். உங்க கண்ணுலயாவது விழுதா?"

"விழுது அண்ணி."

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அன்னிக்கும் விழுந்துச்சு. ரெண்டு பேரும் டீ குடிச்சோம். எனக்குத் தெரியும். அட்டையை விட்டுட்டு என் கண்ணை நம்பினா, சொந்த அண்ணனுக்கு வளைஞ்சுட்டான்னு சொல்லுவாங்களோன்னு பயந்தேன். அந்தப் பயத்துக்கு நேர்மைன்னு பேர் வெச்சுக்கிட்டேன்..." முகத்தைக் கையால் துடைத்தார். "அண்ணன் அன்னிக்கு வேலைக்கு வந்திருந்தார் அண்ணி. வந்திருந்தார்."

ஓரகத்தியின் உதடு துடித்தது. இருபத்திரண்டு வருடமாக அவள் கேட்க ஆசைப்பட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான் என்பது இவளுக்குத் தெரியும்.

"இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாமே," என்றாள் ஓரகத்தி. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. பிறகு இடது கையை மெல்ல நீட்டினாள். இன்னும் முழுதாக மடங்காத கை. "எந்திரிங்க தம்பி. வயசாச்சு, ஈரத்துல உக்காராதீங்க. என்னால உங்களைத் தூக்க முடியாது, பிடிச்சுக்க மட்டும்தான் முடியும்."

அவர் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பும்போது அவர்தான் நாற்காலியைத் தள்ளினார். இறக்கத்தில் அவள் பின்தங்கியதைப் பார்த்து நின்றார். அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்பக்கம் மட்டும் தேஞ்சு ஓட்டையாயிருக்கு," என்றார் மெதுவாக. "தள்ளறவங்க செருப்புதான் அப்படித் தேயும். வாசல்ல தினமும் கிடந்துச்சு. நான் உன் கையில இருந்ததைத்தான் பாத்தேன்."

நாற்காலியை நேராகத் தங்கள் வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்துவிட்டார். மகன் கதவைத் திறந்தான். ஒரு கணம் யாரென்று புரியாமல் பார்த்தான். "பெரியம்மா..." என்று அவன் குரல் உடைந்தது.

"என்னடா, முடி கொட்டிப்போச்சு? உங்கம்மாவைத் திட்டினா கொட்டத்தான் செய்யும்," என்றாள் ஓரகத்தி.

அவன் படியிலேயே மண்டியிட்டு அவள் மடியில் தலையை வைத்தான். பிறகு தாயைப் பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா... நான் என்னென்னவோ பேசிட்டேன்."

"நீ பயத்துல பேசின. எனக்குத் தெரியாதா," என்று அவன் தலையைக் கோதினாள்.

மருமகள்தான் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தபடி நின்றாள். திடீரென்று மாமியாரின் கைப்பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, நாற்காலியின் பிடியைப் பற்றி வராந்தாவில் பெரியம்மாவைப் பத்து முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினாள். எண்ணிக்கை ஏறவே இல்லை. கையை விட்டு வீசி நடந்தாள். ஏறியது.

"கை ஆடணும் அத்தை. கை ஆடினாத்தான் இது அடின்னு எண்ணுது. எதையாவது பிடிச்சுத் தள்ளறவங்க நடை இதுக்குத் தெரியாது." பிறகு சந்தேகத்தோடு மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க பூங்காவுல எவ்வளவு நேரம் நடப்பீங்க? பெஞ்சுல உக்காந்து கையை ஆட்டி அரசியல் பேசற நேரம் எவ்வளவு?"

அவர் செய்தித்தாளைத் தேடினார்.

டிரெட்மில் வந்தபோது மகன் வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினான். தையல் இயந்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாளிலிருந்து பூங்காவுக்குப் போகும் வெள்ளைக் காலணி கால்வாய்ப் பக்கம் திரும்பியது. அதன் பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு சிறிய புதுச் சோடியும் நடந்தது. காலை உணவில் மகன் அப்பாவின் கணக்கை வாசிப்பான்: "அறுநூத்திப் பன்னெண்டு. எங்கப்பா உக்காந்திருந்தீங்க?" அவர் பெருமையோடு மீசையைத் தடவிக்கொள்வார்.

அடுத்த மாதம் அவளுடைய சர்க்கரை இறங்கியிருந்தது. அதைச் சொல்ல ஒரு முற்பகல் ஓரகத்தி வீட்டுக்குத் தனியாகப் போனாள். கட்டில் காலியாக இருந்தது. அப்போது கழிவறைக் கதவு திறந்தது. சுவரில் ஒரு கை ஊன்றி, இடது காலை இழுத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஓரகத்தி வெளியே வந்தாள். இவள் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. கதவோரமே நின்றாள். பதினாலாவது எட்டில் கட்டில் வந்தது.

உட்கார்ந்ததும் ஓரகத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி அழுதுட்டு நிக்கற? போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டா. நிறையக் கொண்டா."